ஓதத்துக்கு ஓர் இடம்: கொச்சிக் கழிமுகத்தில் துறைமுகமும் உப்புநீரும்

1. கேள்வி

இந்தியக் கடற்கரையின் பெரிய ஓதங்களைப் பற்றிப் பேசுபவர்கள் கொச்சியைக் குறிப்பிடுவதில்லை. காம்பே வளைகுடாவில் பாவ்நகர் அருகே நீர் பத்து மீட்டர் அளவுக்கு ஏறி இறங்குகிறது. ஊக்ளி ஆற்றில் ஓதம் அலைச்சுவராக எழுந்து கரையோரப் படகுகளைப் புரட்டுகிறது. கொச்சி முகத்துவாரத்தில், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய உவா நாள்களில்கூட, ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். நாளுக்கு இருமுறை, ஒன்றுக்கொன்று சமமில்லாத உயரத்தில் நீர் ஏறும், இறங்கும். இத்தனை சாதுவான ஓதம் இப்போது வீட்டுக்குள் வருகிறது. வைப்பின் தீவின் எடவனக்காடு, நாயரம்பலம், வடக்கே புத்தன்வேலிக்கரை, ஏழிக்கரை, கிழக்கே கடமக்குடித் தீவுகள், தெற்கே கும்பளங்கி, பெரும்படப்பு ஆகிய ஊர்களில் கார்த்திகை தொடங்கி மாசி வரை உவா நாள்களில் முற்றத்தில் உப்புநீர் நிற்கிறது. மலையாளிகள் இதை விருச்சிக வேலியேற்றம் என்கிறார்கள். அவர்களுடைய விருச்சிகம் நம் கார்த்திகை. பல நாள்களில் விடியுமுன் ஏறும் நீர் சில மணி நேரத்தில் வடிந்துவிடுகிறது. உப்பு மட்டும் சுவரில் தங்கிப் பூச்சை உதிர்க்கிறது. கழிப்பறைத் தொட்டிகள் நிரம்பி வெளியே வழிகின்றன. கிணறும் கொல்லையும் கெடுகின்றன. புயலோ மழையோ இல்லாத தெளிந்த நாள்களில் இது நிகழ்வதால் பேரிடராக யாரும் எண்ணுவதில்லை. அடுத்த உவாவுக்கு மறுபடி வரும் என்பதால் செய்தியாகவும் நிலைப்பதில்லை.

ஒரு மீட்டர் ஓதம் ஏன் வீட்டுக்குள் வருகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பொதுவாகத் தரப்படும் விடை, கடல் மட்டம் உயர்கிறது என்பது. அது பொய்யன்று, ஆனால் அதோடு நின்றுவிட்டால் ஒரு நூற்றாண்டு வரலாறு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். கொச்சியில் துறைமுகத்தின் பொருட்டு ஓதம் நுழையும் வழி ஆழமாக்கப்பட்டது. நகரத்தின் பொருட்டும் வேளாண்மையின் பொருட்டும் அது பரவி நின்ற பரப்பு பறிக்கப்பட்டது. உயரும் கடல் அந்தக் குறுகிய இடத்துக்குள் வந்து சேர்கிறது. ஓதத்துக்கு இருந்த இடத்தின் வரலாற்றைச் சேர்க்காமல் இந்த வெள்ளத்தை விளக்க முடியாது, தீர்க்கவும் முடியாது என்பதே நான் முன்வைக்கும் வாதம்.

2. கடல் மட்டம் என்ற விடை

இந்த விடைக்குப் பின்னால் உறுதியான சான்று இருக்கிறது. வட இந்தியப் பெருங்கடலின் நீண்டகால ஓதமானிப் பதிவுகளுள் கொச்சியுடையதும் ஒன்று; அது 1939இல் தொடங்குகிறது. உன்னிகிருஷ்ணனும் சங்கரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு, இந்தப் பகுதியின் பழைய ஓதமானிகளை ஒப்பிட்டு, கொச்சியில் கடல் மட்டம் ஆண்டுக்கு ஏறத்தாழ 1.75 மி.மீ. உயர்ந்திருப்பதாகக் கணக்கிட்டது. அவர்கள் ஆராய்ந்த துறைமுகங்களில் அது உயர்ந்த எண்களுள் ஒன்று. 1993க்குப் பின் செயற்கைக்கோள் அளவீடுகள் காட்டும் வேகம் கூடுதல். வட இந்தியப் பெருங்கடலுக்கு ஆண்டுக்கு 3.3 மி.மீ. அளவு என்று இந்தியப் புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 மதிப்பீடு கூறுகிறது. இந்த எண்களைக் கொண்டு எளிய கணக்குப் போட்டால், ஓதமானி வைக்கப்பட்ட நாளிலிருந்து இன்றுவரை ஏறத்தாழ 15 முதல் 20 செ.மீ. வரை உயர்வு கிடைக்கும். சராசரி மட்டத்துக்கு மேல் அரை மீட்டர் மட்டுமே எழும் ஓதத்துக்கு இது சிறிய கூடுதலன்று. ஆண்டில் சில நாள் மட்டும் வரம்பைத் தொட்ட நீரைப் பல நாள் வரம்பைத் தாண்டவைக்க இது போதும்.

வெள்ளம் ஏன் மழைக்காலத்தில் வராமல் அதற்குப் பிறகு வருகிறது என்பதற்கும் கடலியல் தெளிவான விளக்கம் தருகிறது. தென்மேற்குப் பருவத்தில் கேரளக் கரையில் ஆழ்நீர் மேலெழுகிறது. கரையோரக் கடல் மட்டம் அப்போது தாழ்கிறது. ஐப்பசிக்குப் பிறகு நீரோட்டம் திசை மாறுகிறது. வங்கக் கடலின் உப்புக் குறைந்த நீர் இலங்கையைச் சுற்றி வந்து மேற்குக் கரையோரம் வடக்கு நோக்கி ஓடுகிறது. கரையோர மட்டம் உயர்கிறது. கோதாவரியும் கங்கையும் வங்கக் கடலில் கொட்டிய நன்னீரின் ஒரு பகுதி, மாதங்கள் கழித்து, வைப்பின் தீவின் ஓதத்தை ஏந்தி நிற்கிறது என்று சொன்னால் மிகையாகாது. சித்திரை, வைகாசியில் திடீரென எழுந்து கேரளக் கரையைத் தாக்கும் கள்ளக்கடல் இதனின்றும் வேறு. அது தென்கடலின் தொலைதூரப் புயல்களிலிருந்து வரும் நெடிய அலை, கடல்முகத்தைத் தாக்கும். விருச்சிக ஓதமோ காயல்பக்கமாகப் பின்வாசல் வழியே வருகிறது. அரசு அறிக்கைகளிலும் நாளேடுகளிலும் இரண்டும் கடலேற்றம் என்ற ஒரே தலைப்பின்கீழ் கலந்துவிடுவதால், காயல் வெள்ளத்துக்கும் கடல்சுவரே மருந்து என்ற எண்ணம் பிறக்கிறது. செல்லானத்தில் 7 கி.மீ.க்கு மேல் நாற்கால் கான்கிரீட் கட்டைகளால் எழுப்பப்பட்ட கடல்சுவர் அலையைத் தடுத்திருக்கிறது. அந்த மக்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் அதன் முதுகுப்புறமாகக் காயலில் ஏறும் நீருக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கடல்மட்ட விளக்கம் தடுமாறுவது இடத்தைப் பொறுத்து. முகத்துவாரத்தில் உயர்ந்த 15 செ.மீ. எல்லா ஊருக்கும் பொது. வெள்ளமோ பொதுவாக இல்லை. கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே, ஆற்றுக் கிளைகளின் நடுவே இருக்கும் ஊர் மூழ்குகிறது. அதே உயரத்தில் முகத்துவாரத்துக்கு அருகிலிருக்கும் தெரு தப்பிக்கிறது. மெதுவாக உயரும் கடல் ஒரு நாள் திடீரென வரம்பைத் தாண்டும், ஆகவே மாற்றம் திடீரெனத் தெரிவதில் வியப்பில்லை என்று விடை சொல்லலாம். சரிதான். ஆனால் வரம்பு விளக்கம் உண்மையாயின், ஒரே உயரமுள்ள நிலங்கள் ஏறக்குறைய ஒரே காலத்தில் நனைய வேண்டும். அப்படி நனையவில்லை என்றால், நீர் முகத்துவாரத்திலிருந்து அந்த நிலம்வரை போகும் வழியில் என்ன நேர்ந்தது என்று பார்த்தாக வேண்டும்.

3. ஓதத்தைப் பயிரிட்டவர்கள்

கொச்சி முகத்துவாரமே ஒரு வெள்ளத்தின் பிள்ளை என்கிறது மரபு. 1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் முசிறித் துறையை மண்மூடச் செய்து, கொச்சியில் புதிய வாயைத் திறந்தது. வைப்பின் தீவு அப்போது பரந்தெழுந்தது. அதன் நினைவாகப் புதுவைப்பு என்ற ஆண்டுக்கணக்கே வழங்கியது. ஒரே வெள்ளம் இத்தனையும் செய்திருக்க முடியுமா என்பதில் வரலாற்றறிஞர்களிடையே ஐயம் உண்டு. பல நூற்றாண்டு வண்டல் படிவின் இறுதிக் காட்சியாக அது இருந்திருக்கலாம். நம் கேள்விக்கு வேண்டியது வேறொன்று. இங்கே நிலம் என்பது ஆறும் ஓதமும் கூடி அண்மையில் விட்டுச்சென்ற சேறு. அதன் உயரம் உயர் ஓதத்தின் உயரத்தை ஒட்டியே அமைந்தது. இப்படிப்பட்ட நிலத்தில் குடியேறியவர்கள் ஓதத்தை வெளியே நிறுத்த முயலவில்லை. உள்ளே விட்டு, கணக்கு வைத்து, வெளியே அனுப்பினார்கள்.

பொக்காளி வயல் அந்தக் கணக்கின் சிறந்த வடிவம். ஆனி மழை உப்பைக் கழுவியதும், வயலில் எழுப்பிய மண்மேடுகளில் முளைகட்டிய நெல்லை விதைப்பார்கள். நாற்று வளர்ந்ததும் மேட்டை வெட்டிச் சுற்றிலும் பரப்புவார்கள். ஆளுயரம் வளரும் இந்த நெல் வெள்ளத்தையும் ஓரளவு உப்பையும் தாங்கும். உரமும் மருந்தும் கேட்காது. ஐப்பசியில் கதிரை மட்டும் அறுத்துத் தாளை நீரில் விட்டுவிடுவார்கள். பிறகு தூம்பைத் திறந்தால், ஏறும் ஓதத்தோடு இறால் குஞ்சுகள் வயலுக்குள் வரும். அழுகும் தாள் அவற்றுக்கு இரை. கார்த்திகை முதல் சித்திரைப் பிறப்புவரை, அமாவாசை பௌர்ணமியை ஒட்டிய தக்க நாள்களில், வற்றத்தின்போது தூம்பில் வலைகட்டி மேலே விளக்கு தொங்கவிட்டு இறாலைப் பிடிப்பார்கள். சித்திரையில் நீரை வடித்து வரப்பைச் சரிசெய்வார்கள். ஒருகாலத்தில் எர்ணாகுளம், திருச்சூர், ஆலப்புழை மாவட்டங்களில் 25,000 ஹெக்டேர் அளவில் பொக்காளி இருந்ததாகக் கூறப்படுகிறது. இன்று பயிராவது அதில் சிறு பகுதி. 2008இல் புவிசார் குறியீடு கிடைத்தபோதே அது சுருங்கிக்கொண்டிருந்தது.

வேளாண் வரலாறாக மட்டும் இதைப் படிப்பது போதாது. பொக்காளி வயல் நீரியல் அமைப்பும்கூட. விருச்சிக ஓதம் உயர்ந்து வரும் அதே மாதங்களில்தான் தூம்புகள் திறந்திருந்தன. கழிமுகத்தின் மிக உயர்ந்த நீர் வரும்போது, ஆயிரக்கணக்கான ஹெக்டேர் வயல் அதை உள்வாங்கத் தயாராக இருந்தது. ஒரு ஹெக்டேரில் அரை மீட்டர் நீர் நின்றால் 5,000 கன மீட்டர். 10,000 ஹெக்டேருக்கு அது ஐந்து கோடி கன மீட்டர். அந்த நீரின் ஒரு பகுதி வயலில் ஏறிய அளவுக்கு, தோடுகள் எனப்படும் ஒடுங்கிய ஓடைகளில் உயரம் குறைந்தது. வயலை மூடினால் இந்தக் கணக்கு தலைகீழாகிறது.

வலை வைத்தவர்களும் இப்படியே ஓதத்தைப் பங்கிட்டார்கள். காயலில் ஊன்றிய கம்பங்களுக்கிடையே வற்ற நீரை எதிர்கொண்டு கட்டும் ஊன்னிவலைக்கு எல்லா இடமும் சமமன்று. நீரோட்டம் வலுவாக ஓடும் இடத்தில்தான் இறால் கிடைக்கும். வைப்பின் தீவில் இந்த இடங்களைச் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பங்கிட்ட பாடு முறையை கென்டன் லோபேயும் ஃபிக்ரெட் பெர்க்கெஸும் 2004இல் விரிவாக ஆராய்ந்தார்கள். ஓதத்தின் விசை பொதுச்சொத்து, அதை எந்தக் குடும்பமும் நிலையாகப் பிடித்துவைக்கக் கூடாது என்ற எண்ணம் அதில் தெளிவாக இருக்கிறது. அந்த முறைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களும் இருந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. பங்கீட்டை நடத்திய சங்கத்தில் உறுப்பினரல்லாதவருக்குப் பாடு இல்லை.

4. ஆழமான வாய், ஒடுங்கிய வயிறு

1920இல் துறைமுகப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ கொச்சிக்கு வந்தபோது முகத்துவாரத்துக்கு வெளியே மணலும் சேறும் இறுகிய திட்டு ஒன்று குறுக்கே கிடந்தது. பெரிய கப்பல்கள் வெளிக்கடலில் நங்கூரமிட்டுச் சரக்கைப் படகில் இறக்கின. தென்மேற்குப் பருவத்தில் அதுவும் நின்றுபோகும். கொச்சிக் கோட்டை அன்று சென்னை மாகாணத்தின் பகுதி என்பதால் பிரிஸ்டோவை அனுப்பியது சென்னை அரசு, ஆளுநர் வில்லிங்டன். திட்டை வெட்டினால் வைப்பின் கரை அரிக்கப்படும், நீரோட்டம் கட்டுமீறும் என்ற அச்சம் அப்போதே இருந்தது. பிரிஸ்டோ அதைப் புறந்தள்ளவில்லை. கரைப்பாதுகாப்பை ஆராய்ந்து, கல்வேலைகளைச் செய்து காட்டிய பிறகே திட்டை வெட்டத் தொடங்கினார். 1928 மே 26 அன்று பத்மா என்ற கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. லார்டு வில்லிங்டன் என்ற தூர்வாரிக் கப்பல் உறிஞ்சிய சேற்றைக் கொண்டு ஏறத்தாழ 780 ஏக்கரில் வில்லிங்டன் தீவு உருவானது. பொறியியலாக இது பெரும் சாதனை. அந்த மதிப்பை நான் குறைக்க விரும்பவில்லை. ஆனால் பிரிஸ்டோ கேட்ட கேள்விகள் கரை அரிப்பையும் கப்பல் வழியையும் பற்றியவை. உள்ளே பத்துக் கிலோமீட்டர் தள்ளி ஒரு தோட்டின் நீர்மட்டம் என்னவாகும் என்பது அந்தக் கேள்விப் பட்டியலில் இடம்பெறவில்லை. அதற்குப் பின் வந்த விரிவாக்கங்களிலும் அது மையக் கேள்வியாக ஆகவில்லை. 2011இல் வல்லார்பாடம் பெட்டக முனையம் திறக்கப்பட்டபோது, 14.5 மீட்டர் மிதவாழமுள்ள கப்பல்களுக்காகக் கால்வாய் மேலும் ஆழமாயிற்று.

கழிமுகங்களின் இயல்பு ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ஆழமற்ற வாயில் உள்ளே நுழையும் ஓதம் அடித்தரையோடு உராய்ந்து வலுவிழக்கும். வாயை ஆழமாக்கினால் உராய்வு குறையும். அதே கடலோதம் உள்ளே கூடுதல் உயரத்தோடு போகும். பரந்த சதுப்பும் வயலும் இருந்தால் நீர் அதில் பரவி உயரம் இழக்கும். அவற்றைக் கரைகட்டி மூடினால் உயரம் இன்னும் கூடும். ஜெர்மனியின் எல்பே ஆற்றில் ஹாம்பர்க் துறைமுகத்தில் 1900ஐ ஒட்டி இரண்டு மீட்டருக்கும் குறைவாக இருந்த ஓத வீச்சு இன்று மூன்றரை மீட்டரைத் தாண்டியதற்கு இந்த இரண்டு காரணங்களும் கூடியே சொல்லப்படுகின்றன. கொச்சி ஹாம்பர்க் அன்று. அங்கே ஆறு புனல்போல் குறுகிச் செல்கிறது; இங்கே ஏறக்குறைய 450 மீட்டர் அகல வாய்க்குப் பின்னால் வடக்கும் தெற்குமாகக் காயல் விரிகிறது, வடக்கே முனம்பத்தில் இன்னொரு வாயும் இருக்கிறது. ஆகவே ஹாம்பர்க்கின் அளவை இங்கே பொருத்த முடியாது. திசையைப் பொருத்த முடியும்.

காயலின் பரப்புக்கு நேர்ந்ததைப் பற்றி 1983இல் கோபாலனும் உடன் ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை இன்றும் தொடக்கப் புள்ளி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலிருந்து வேம்பநாட்டுக் காயல் எப்படி வரப்பிட்டு வயலாகவும் தரையாகவும் மாற்றப்பட்டது என்பதை அவர்கள் தொகுத்தார்கள். பின்னர் வந்த கணக்குகள் ஒன்றோடொன்று உடன்படுவதில்லை. குறைந்தது மூன்றில் ஒரு பங்கு திறந்த நீர்ப்பரப்பு போயிற்று என்பதில் மட்டும் பெரிய கருத்துவேறுபாடு இல்லை. கேரள மீன்வள, கடலியல் பல்கலைக்கழகத்தின் அண்மை ஆய்வு, 1900க்கும் 2020க்கும் இடையே காயலின் நீர்கொள்ளும் அளவு 85 விழுக்காடு குறைந்ததாகக் கூறியது. நூற்றிருபது ஆண்டு இடைவெளியில் எடுக்கப்பட்ட ஆழ அளவுகளை ஒப்பிடும்போது முறைவேறுபாடுகள் புகுந்துகொள்ளும் என்பதால் அந்த எண்ணை அப்படியே தூக்கிப்பிடிக்க எனக்குத் தயக்கமுண்டு. அதில் பாதி உண்மையானாலும் போதும், நம் வாதம் நிற்கும்.

இந்தப் பொதுப்படத்தைவிட வலுவான சான்று இரண்டு தனி இடங்களில் கிடைக்கிறது. முதலாவது தண்ணீர்முக்கம் தடுப்பணை. குட்டநாட்டு நெல்லை உப்பிலிருந்து காக்க 1970களின் நடுவில் கட்டி முடிக்கப்பட்ட, 1.4 கி.மீ. நீளமுள்ள இந்த அணை, கோடையை ஒட்டிய மாதங்களில் மூடப்படுகிறது. மூடியவுடன் ஓதத்துக்குத் தெற்குக் காயல் முழுதும் இல்லாமல் போகிறது. கொச்சியிலுள்ள தேசியக் கடலியல் நிறுவன மைய ஆய்வாளர்கள், அணை மூடியிருக்கும்போது அதன் வடபுறத்தில் ஓதம் பெருகி அருகிலுள்ள பகுதிகள் நனைவதைப் பதிவு செய்திருக்கிறார்கள். அணை திறந்திருக்கும் நாளுக்கும் மூடியிருக்கும் நாளுக்கும் இடையே கடல் மட்டம் உயர்ந்துவிடுவதில்லை. ஆகவே இது ஏறக்குறைய ஒரு பரிசோதனையின் வலிமையுள்ள சான்று. இரண்டாவது வடுதலை. வல்லார்பாடம் முனையத்துக்கான 4.62 கி.மீ. ரயில்பாலம் கட்டியபோது காயலின் குறுக்கே தற்காலிகமாகப் போட்ட மண்ணணை வேலை முடிந்தும் முழுதாக அகற்றப்படவில்லை. அதைப் பற்றிக்கொண்டு மணல்திட்டு வளர்ந்தது. அதை அகற்றக் கோரிக் குடியிருப்போர் உயர் நீதிமன்றம்வரை போனார்கள். பெரியாற்றின் ஒரு கிளை கடலைச் சேரும் வழியில், துறைமுகத்துக்கான வேலையே ஒரு தடுப்பை விட்டுச்சென்றது என்பதை இதைவிட வெளிப்படையாகக் காட்ட முடியாது.

5. எழக்கூடிய மறுப்புகள்

கடலடியில் வெட்டிய ஒரு கால்வாய் காயல் முழுவதன் ஓதத்தையும் மாற்றுமா என்பது முதல் மறுப்பு. ஆழமாக்கியது கப்பல் செல்லும் குறுகிய தடத்தை மட்டும். காயலின் பெரும்பகுதியோ வண்டலால் ஆழம் குறைந்து வருகிறது. ஆழம் குறைந்தால் ஓதம் அடங்க வேண்டுமே என்பார்கள். இந்த மறுப்பு வலுவானது. அதை மேலோட்டமாகக் கடந்துபோகக் கூடாது. தோடுகளில் வண்டல் படிவது உள்ளே போகும் ஓதத்தை ஓரளவு அடக்கும்தான். ஆனால் நிலத்தை நனைப்பது உச்ச நீர்மட்டம். அதைத் தீர்மானிப்பதில் ஏறிய நீர் வடிய எடுத்துக்கொள்ளும் நேரத்துக்கும் பங்குண்டு. ஆழமற்ற தோட்டில் வற்றம் மந்தமாகும். முந்தைய ஓதத்தின் நீர் முழுதும் இறங்குமுன் அடுத்த ஓதம் ஏறும். சராசரி மட்டமே உயர்ந்துவிடும். ஆக, வாயில் ஆழமும் வயிற்றில் வண்டலும் ஒன்றையொன்று ஈடுசெய்வதில்லை. நீரை உள்ளே கொண்டுவருவதை ஒன்று எளிதாக்குகிறது; வெளியே அனுப்புவதை மற்றது கடினமாக்குகிறது.

இரண்டாவது மறுப்பு பொக்காளியைப் பற்றியது. அந்த வயல் சமத்துவத்தின் இடமாக இருந்ததில்லை. கழுத்தளவு சேற்றுநீரில் நின்று மேடு வெட்டியவர்களும் கதிரறுத்தவர்களும் பெரும்பாலும் புலையர் முதலிய ஒடுக்கப்பட்ட சாதியினர். இறால் பருவத்தின் ஏலத்தொகை நிலவுடைமையாளருக்குப் போயிற்று. நெல்லை விட்டு ஆண்டு முழுதும் இறால் வளர்க்கத் தூம்பை மூடியவர்களும் அந்த உடைமையாளர்களே. இதை நான் முழுதும் ஏற்கிறேன். பொக்காளியை மீட்கச் சொல்வது பழைய கூலிமுறையை மீட்கச் சொல்வதாக முடியக் கூடாது. ஆனால் இந்த மறுப்பு உடைமையைப் பற்றியது, நீரியலைப் பற்றியதன்று. மேலும், வயலை மண்ணடித்து மூடியபோது வெளியேற்றப்பட்ட நீர் யார் வீட்டுக்குப் போனது என்று பார்த்தால், தாழ்ந்த விளிம்பு நிலங்களில் மூன்று சென்ட், ஐந்து சென்ட் மனைகளில் வாழும் அந்தத் தொழிலாளர் குடும்பங்களே அங்கே இருக்கிறார்கள். வயலில் உழைத்தபோது கூலியில் ஏமாற்றப்பட்டார்கள். வயல் போனபின் அதன் நீரும் அவர்கள் தலையில் விடிகிறது.

மூன்றாவது, துறைமுகம் தரும் பிழைப்பு. சுமைதூக்குவோர் முதல் கப்பல் பழுதுபார்ப்போர் வரை ஏராளமான குடும்பங்கள் அந்த ஆழத்தை நம்பி வாழ்கின்றன. வைப்பின் தீவை எர்ணாகுளத்தோடு இணைத்த கோஸ்ரீ பாலங்கள், தீவு மக்கள் பல பத்தாண்டு கேட்டுப் பெற்றவை. அந்தப் பாலங்களுக்கான பணம் காயலை நிரப்பி விற்ற நிலத்திலிருந்து வந்தது என்பதுதான் இதிலுள்ள துயரம். படகுக்குக் காத்து நின்று நோயாளிகளை இழந்த தீவுக்காரர்களிடம், பாலம் வேண்டுமானால் காயலை விற்க வேண்டும் என்ற தேர்வு வைக்கப்பட்டிருக்கக் கூடாது. துறைமுகத்தை மூடு என்று இந்த வாதம் கேட்கவில்லை. துறைமுகத்தின் செலவுக் கணக்கில் ஓதத்தின் இடமும் சேர வேண்டும் என்றே கேட்கிறது.

6. சேற்றின் கணக்கும் உயர் ஓதக்கோடும்

அந்தச் செலவு எப்படிப்பட்டது என்பதைச் சேறு காட்டுகிறது. ஆழமான கால்வாயில் உப்புநீர் அடியோடு உள்ளே புகும். ஆறு கொண்டுவரும் மென்வண்டல் உப்பைத் தொட்டதும் திரண்டு கீழே படியும். ஆழம் கூடக்கூட உப்பு மேலும் உள்ளே போகும், வண்டலும் கூடுதலாகச் சிக்கும். கடலிலிருந்து பருவமழைக்காலத்தில் வரும் சேறும் இதில் சேரும். ஆண்டுதோறும் ஏறத்தாழ இரண்டு கோடி கன மீட்டர் அளவில் வாரினால்தான் துறைமுகத்தின் வழி திறந்திருக்கிறது. வாரிய சேற்றைக் கடலில் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். இங்கேயுள்ள முரண் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முன்பு தோடுகளிலிருந்து மூழ்கிச் சேறு வாரித் தென்னந்தோப்புக்கும் வரப்புக்கும் போடுவது தீவுகளில் ஒரு தொழிலாகவே இருந்தது. தோடு ஆழமாக இருந்தது, முற்றமும் ஆண்டுக்காண்டு சிறிது உயர்ந்தது. அந்தத் தொழில் மறைந்தபின் தோடு தூர்ந்தது, முற்றம் நின்ற இடத்திலேயே நின்றது. துறைமுகமோ தன் சேற்றைக் கொண்டு தன் தீவை உயர்த்திக்கொண்டது. கழிமுகத்தின் வண்டலால் யாருடைய நிலம் உயர வேண்டும் என்ற தேர்வு நூறாண்டுக்கு முன்பே ஒருமுறை செய்யப்பட்டுவிட்டது. அதை மறுபடி பரிசீலிக்கத் தடை எதுவும் இல்லை. துறைமுகச் சேறு உப்பும் மாசும் கலந்தது, அப்படியே குடியிருப்பில் கொட்ட முடியாது என்பது உண்மை. வரப்புகளுக்கும் வெளிக்கரைகளுக்கும் எது தகும் என்று ஊர்வாரியாகச் சோதிப்பது, அதைக் கப்பலேற்றிக் கடலில் கொட்டும் துறைக்கு எட்டாத வேலையன்று.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது? கேரளத்தின் 2008ஆம் ஆண்டு நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் வயலை வயலாகக் காக்க முயல்கிறது. ஓதத்தின் கொள்ளிடமாக அதை அளப்பதில்லை. ஆகவே தூம்பு மூடப்பட்டு நீர் நுழையாமல் கிடக்கும் வயலும் ஏட்டில் காக்கப்பட்ட வயல்தான். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின் 2019 வடிவம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. 1991 பிப்ரவரி 19க்கு முன் கட்டிய வரப்போ தூம்போ இருந்தால், உயர் ஓதக்கோட்டை அந்த வரப்போடு நிறுத்திக்கொள்ளலாம் என்கிறது. பொக்காளி வயல்கள் எல்லாமே வரப்பும் தூம்பும் கொண்டவை; பெரும்பாலானவை 1991க்கு மிக முந்தியவை. நீரைக் காலமறிந்து உள்ளே விடுவதற்காகக் கட்டிய தூம்பைச் சட்டம் நீரை வெளியே நிறுத்தும் சுவராகப் படிக்கிறது. அதன்படி, ஆண்டில் பாதி ஓதம் புழங்கிய வயல் ஓதம் தொடாத நிலமாகிறது. அதன் மேல் கட்டடம் எழுப்பும் தடையும் தளர்கிறது. இந்தக் கோட்டை நாடு முழுவதற்கும் வரைந்து தருவது சென்னையில் உள்ள நீடித்த கடற்கரை மேலாண்மைக்கான தேசிய மையம். விருச்சிக உவா நாள்களில் நீர் எந்தப் படிக்கட்டுவரை ஏறியது என்பதை எடவனக்காட்டிலும் கும்பளங்கியிலும் உள்ள பெண்கள் தங்கள் வீட்டுச் சுவரின் உப்புக்கறையைக் காட்டியே சொல்லிவிடுவார்கள். அந்தக் கறைகளை ஊர்வாரியாக அளந்து, முகத்துவார ஓதமானியின் அதே நாள் அளவோடு ஒப்பிட்டு, வரைபடத்தின் கோட்டுக்கும் வீட்டுச் சுவரின் கோட்டுக்கும் உள்ள தொலைவைப் பதிவு செய்தால், அடுத்த முறை கால்வாயை ஆழமாக்கவோ காயலை நிரப்பவோ அனுமதி கேட்கப்படும்போது, எத்தனை ஹெக்டேர் தூம்பைத் திறந்து ஈடுசெய்ய வேண்டும் என்பதை எண்ணாகவே கேட்க முடியும்.